வீடு மாறும்போதெல்லாம் மாத்திரை விட்டுப்போகிறது. என்ன செய்வது?

நொச்சி | ஞாயிறு, இரவு 10.52

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. பல்லாவரம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. 2013-இல் கணவர் இறந்தபோதுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது மூன்று வயதாயிருந்த பையனுக்கும் சோதித்தார்கள், அவனுக்கு இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை எனக்கு 190 என்று குறைவாக வந்ததால் உடனே எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கினார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டில் இருந்தோம். காரியம் முடிந்த மறுநாள் எனக்குத் தனித் தட்டு வந்தது. பிறகு தனிப் பாய், பிறகு ஆட்டுக்கொட்டகை ஓரத்தில் படுக்கை. மூன்றாம் மாதம் பையனைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பத்து ஆண்டுகள் ஒழுங்காகத்தான் ஓடின. வைரஸ் அளவு சோதனையில் ஒவ்வொரு முறையும் 'கண்டறிய முடியாத அளவு' என்றே வரும். அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பேன்.

சிக்கல் கடந்த மூன்று ஆண்டுகளில்தான். நான்கு வீடு மாறிவிட்டேன். எல்லாவற்றுக்கும் நோயைக் காரணம் சொல்ல மாட்டேன். குரோம்பேட்டையில் வாடகையை ஒரேயடியாக 1,500 ரூபாய் ஏற்றினார்கள். பம்மலில் வீட்டையே விற்றுவிட்டார்கள். அனகாபுத்தூரில் மட்டும்தான் காரணம் நான். வீட்டுக்காரம்மாவின் உறவுக்காரப் பெண் நர்சிங் படிக்கிறாள். ஏதோ கேட்க வந்தவள், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த மாத்திரை டப்பாவின் பெயரைப் படித்துவிட்டாள். வீட்டுக்காரம்மா நேரடியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குளித்துவிட்டு வந்ததும் பொதுக் குளியலறையில் பினாயில் ஊற்றத் தொடங்கினார். இரண்டு வாரத்தில், "மகன் குடிவரப் போகிறான், காலி செய்துகொடுங்கள்" என்றார்.

அட்வான்ஸ் திரும்பிவர ஒரு மாதமாகும் என்றதால் பையனை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, நான் விடுதிச் சமையலறையின் சாமான் அறையில் படுத்தேன். இன்னும் இரண்டு சமையல்காரப் பெண்களும் அங்கேதான் படுப்பார்கள். மாத்திரை டப்பா ஒரு கோணிப்பைக்குள் பாத்திரங்களோடு தங்கை வீட்டுப் பரணில் மாட்டிக்கொண்டது. போய் எடுத்து வந்தாலும் அவர்கள் முன்னால் பையைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று போய் 19 நாள் ஆகிவிட்டது. மருந்து வாங்கும் தேதியும் கடந்துவிட்டதால், அதைக் கொடுக்கும் அரசு மையத்துக்குப் போகவே கூச்சம். கடைசியில் போனேன். வைரஸ் அளவு 4,300 என்று வந்திருக்கிறது.

இப்போது பொழிச்சலூரில் ஒரு கீற்றுக் கொட்டகையில் மாத வாடகைக்கு இருக்கிறேன். அதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள். மாத இறுதிவரைதான் கெடு. எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர், தாம் கட்டிய வீட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருப்பதாகவும், அட்வான்ஸ் வேண்டாம் என்றும் சொல்கிறார். ஒரு ஆண் அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்வதன் பொருள் தெரியாத வயது இல்லை எனக்கு. ஆனால் பையன் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் தேர்வு. அவன் புத்தகத்தை விரித்து உட்கார ஓர் இடம் வேண்டும்.

என் கேள்விகள் இவை. வீடு நிலையில்லாதபோது மருந்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? புதிய வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா? மேஸ்திரி வீட்டுக்குப் போவதைப் பற்றி யாரும் என்னைத் திட்டாமல் ஒரு யோசனை சொல்லுங்கள்.

பாரிமுனைக்காரன் | திங்கள், காலை 5.20

அக்கா, உங்களைத் திட்ட இங்கே யாருக்கும் உரிமை இல்லை. நான் 2013 முதல் 2017 வரை பிராட்வே நடைபாதையில் படுத்தவன். கோயம்பேடு சந்தையில் மூட்டை இறக்கும் வேலை.

2014-இல் எனக்கு மருந்து தொடங்கினார்கள். அந்நாளில் கொடுத்த மாத்திரையில் எபாவிரன்ஸ் என்ற மருந்து சேர்ந்திருக்கும். இரவில் படுக்கப்போகும்போது போட வேண்டும். போட்டால் தலை சுற்றும். கண்ட கண்ட கனவு வரும். வீட்டுக்குள் கட்டிலில் படுப்பவருக்கு அது இரண்டு வாரத் தொல்லை. நடைபாதையில் படுப்பவன் அரைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் தூங்க வேண்டும். செருப்பு போகும், பை போகும். நள்ளிரவில் போலீஸ் தட்டி எழுப்பினால் உடனே எழுந்து நகர வேண்டும். மாத்திரை போட்ட இரவில் என்னால் எழுந்திருக்க முடியாது. இரண்டு முறை பையோடு மாத்திரையும் திருட்டுப் போனது. பிறகு நானே கணக்குப் போட்டேன். மழை இல்லாத நாளில், பக்கத்தில் தெரிந்தவன் படுத்திருந்தால் மட்டும் போடுவது. அது வாரத்தில் மூன்று நாள் வந்தாலே அதிகம். மையத்தில் "ஏன் தவறவிட்டீர்கள்?" என்று கேட்பார்கள். "மறந்துவிட்டேன்" என்பேன். உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது. ஒரு நாள்கூட நான் மறந்ததில்லை, அக்கா.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இருந்த மாத்திரையும் நனைந்து கூழாகிவிட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இருமல். எடை 41 கிலோ. காசநோய். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1928-இல் காசநோய்க்கென்றே தொடங்கிய இடம் அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் கொடுத்த எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அங்கே கட்டில், மூன்று வேளைச் சோறு, தலைமாட்டில் ஒரு சின்ன அலமாரி. அதே மாத்திரைதான். ஒரு வேளைகூடத் தவறவில்லை. வெளியிலும் உள்ளேயும் நான் ஒரே ஆள்தானே. அலமாரிதான் புதிது.

வெளியே வந்ததும் மறுபடி நடைபாதை. இந்த முறை ஒரு டீக்கடை அண்ணாச்சியிடம் போய், "இந்த டப்பாவை உங்கள் கடையில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டேன். என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை. பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் வைத்தார். கடை அடைக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு எடுத்துக் கொடுப்பார். எட்டு மாதம் அப்படிப் போனது. 2017-இல் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில் இடம் கிடைத்தது. அங்கே பூட்டு வைத்த பெட்டி கொடுத்தார்கள். இப்போது ஒரு கிடங்கில் காவலாளி, அங்கேயே அறை. வைரஸ் அளவு ஆறு ஆண்டுகளாகக் கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது.

உங்கள் விடுதியில் அந்த அண்ணாச்சி மாதிரி ஒருவர் கட்டாயம் இருப்பார். நோயைச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவை வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

மதுரை ஆலோசகர் | திங்கள், பிற்பகல் 2.15

நொச்சி அம்மா, நான் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், 16 ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் மருந்து வாங்க வராதவர்களின் பட்டியல் எங்கள் கைக்கு வரும். தேடிப் போவோம். பட்டியலில் உள்ள முகவரியில் வேறு குடும்பம் இருக்கும். கைபேசி எண் மாறியிருக்கும். பக்கத்து வீட்டில் யார் என்று சொல்லி விசாரிப்பது? எங்களைப் பார்த்ததும் அந்தத் தெருவுக்கே சேதி போய்விடும் என்று பேசாமல் திரும்பி வந்த நாட்கள் உண்டு. மருந்தை விட்டவர்கள் அலட்சியக்காரர்கள் என்று தொடக்கத்தில் நானும் நினைத்தேன். தேடிப் போய்ப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

முதலில் 4,300. பயப்பட வேண்டாம். 1,000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். மூன்று மாதம் தவறாமல் உட்கொள்ள வைத்து மறுபடி சோதிப்பார்கள். இப்போதைய மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்துக்கு, பழைய மருந்துகளுக்குப் போல வைரஸ் எளிதில் பழகிவிடாது. விட்டதைத் தொடர்ந்தால் பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் மறுபடி அடங்கிவிடுகிறது. அதோடு, இரவில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இதற்கு இல்லை. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில். விடுதியில் நீங்கள் தனியாக இருக்கும் நேரம் எது? அதிகாலையில் அடுப்பு பற்றவைக்கும் நேரம் என்றால் அதையே உங்கள் மருந்து நேரமாக்குங்கள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து இருந்தால் மட்டும் கவனம். டோலுடெக்ராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். நேரம் தப்பிச் சாப்பிடுபவர்கள் பலர் அந்த மருந்தைத் தண்ணீர் போலக் குடிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

டப்பாவின் மேல் ஒட்டிய தாளைக் கிழித்துவிடலாம். மாத்திரைகளை மொத்தமாக வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் எறியாதீர்கள். சமையலறை நீராவியில் மாத்திரை கெட்டுவிடும். ஒரு வார மாத்திரையை மட்டும் தனியாக, இறுக மூடும் ஒரு சிறு டப்பாவில் இடுப்புப் பையில் வைத்திருங்கள். வீட்டை விட்டு இரவோடு இரவாகக் கிளம்ப நேர்ந்தாலும் ஏழு நாள் கையில் இருக்கும்.

மையத்தில் 'வீடு இல்லை' என்ற உண்மையைச் சொல்லுங்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் கைபேசியில் அலாரம் வைக்கச் சொல்வார்கள். அலாரம் வீடு தராது. ஊர் மாறினால் வேறு மையத்துக்கு மாற்றல் எழுதி வாங்கலாம். தேதி தவறிப் போனால் முகத்தைச் சுளிப்பார்களோ என்று தயங்காதீர்கள். தவறிய அன்றே போங்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணில் பேசினால் அருகில் உள்ள மையம் எது என்று சொல்வார்கள்.

மேஸ்திரியைப் பற்றி. உங்களைத் திட்ட மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் ஆலோசகர் அல்ல. வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடிக்கும்போது உடலுறவு மூலம் அது அடுத்தவருக்குப் போவதில்லை. 4,300 அந்த நிலை அல்ல. ஆணுறை இல்லாமல் முடியாது என்று, வாடகை வாங்காத ஒருவரிடம் உங்களால் சொல்ல முடியுமா? கோபத்தில் "வெளியே போ" என்று அவர் சொன்னால் அந்த இரவு எங்கே போவீர்கள்? கூரைக்காகச் சேர்ந்து வாழப்போன பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: "வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை." அவர்களில் பலருக்கு முதலில் தொற்று வந்த வழியே அதுதான். கணவர் இறந்து, பிறந்த வீடும் சேர்க்காமல், யாரோ ஒருவரின் தயவில் தங்கிய இடத்தில் வந்தது. ஊசி மூலம் போதை மருந்து எடுப்பவர்களைப் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. வீடில்லாத நிலையில் அவர்களுக்குத் தொற்றும் அபாயம் கூடுகிறது என்று அது காட்டியது. ஒளிந்து, அவசரமாக, கிடைத்த ஊசியைக் குத்திக்கொள்ளும்போது புது ஊசிக்கு எங்கே போவது? நடைபாதையில் அதைக் கண்ணால் பார்த்திருப்பார் பாரிமுனைத் தம்பி.

கூவாகம் மல்லிகை | திங்கள், இரவு 9.40

நான் திருநங்கை. பெரிய யோசனை எதுவும் சொல்ல வரவில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்களுக்கு 4,000 ரூபாய் அறையை 8,000 என்பார்கள். அந்த எட்டாயிரத்துக்காக இரவில் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். ஆணுறை வேண்டாம் என்றால் கூடப் பணம் தருகிறேன் என்பவன் மாத இறுதியில்தான் வருவான். வாடகை நாள் அவனுக்கும் தெரியும். நொச்சி, முடிந்தால் கடனாவது வாங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். பணக் கடனைத் தவணையில் அடைத்துவிடலாம்.

வழக்கறிஞர் தஞ்சை | செவ்வாய், மாலை 6.05

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டி வாடகைக்கு விட மறுப்பதையும், குடியிருப்பவரைப் பாகுபடுத்துவதையும் அது தடை செய்கிறது. நடைமுறையில் எந்த வீட்டுக்காரரும் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார். "மகன் வருகிறான்" என்பார். அதை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாடகைக்காரரை வெளியேற்றத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி அவருக்கு அதிகாரம் இல்லை. எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸை வங்கி மூலம் கொடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சான்று இருக்காது.

உங்கள் பதிவில் எனக்குப் பெரிதாகப் பட்டது திண்டிவனத்து வீடு. அதே எச்.ஐ.வி. சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கவும், அதன் எந்தப் பகுதியிலிருந்தும் விலக்கப்படாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆட்டுக்கொட்டகைக்குத் தள்ளியது அந்த உரிமைக்கு நேர் எதிரானது. மாமனார் இருக்கிறாரா? உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தானாலும், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். அதாவது உங்கள் கணவருக்கு வர வேண்டிய பங்கு உங்களுக்கும் பையனுக்கும் உரியது. அந்த வீட்டில் போய் வசிக்கச் சொல்லவில்லை. அந்தப் பங்கு ஒரு அட்வான்ஸ் ஆகலாம், ஏன், ஒரு சிறு மனைகூட ஆகலாம்.

வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. வழக்கில் உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்த அனுமதிக்குமாறும் கேட்கலாம். அமெரிக்காவில் 1990-லேயே எச்.ஐ.வி. உள்ளவர்களின் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றி, வாடகைக்கு நிதி ஒதுக்கத் தொடங்கினார்கள். நம் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் யாருக்கும் ஒரு மாத வாடகைகூடத் தருவதில்லை. இந்தக் குறையை நம் சங்கங்கள் இன்னும் உரத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்துக்கு இவ்வளவு செலவு செய்யும் அரசு, அதை வைக்கும் இடத்துக்கும் செலவு செய்யலாம்.

நொச்சி | பத்து நாட்களுக்குப் பிறகு, வெள்ளி, இரவு 11.10

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் பலமுறை படித்தேன். பாரிமுனைத் தம்பியின் அலமாரியைப் படித்த இரவு அழுதுவிட்டேன்.

மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடுதிக் காப்பாளரம்மாவிடம் போய், "எனக்கு ஒரு மருந்து நாள் தவறாமல் போட வேண்டும், வைக்க இடம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். தம் மேசையின் கீழ் இழுப்பறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தார். காலை ஐந்தரைக்கு, முதல் உலை வைத்ததும் போடுகிறேன். பத்து நாளாகத் தவறவில்லை. இடுப்புப் பையில் ஏழு மாத்திரை இருக்கிறது.

கூடச் சமைக்கும் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டில் எனக்கு இந்த மாதம் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள், 25,000. அதைக் கொடுத்துக் கவுல்பஜாரில் ஒற்றை அறை பிடித்திருக்கிறேன். வாடகை 5,000. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதினோம். பையனுக்கு மூலையில் ஒரு பலகை போட்டாகிவிட்டது. அதன் மேலே விளக்கு இருப்பதால் வெளிச்சமும் நன்றாக வருகிறது.

மாமனார் 2019-இல் இறந்தார். உயில் எதுவும் எழுதவில்லை என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. வழக்கறிஞர் ஐயா, அதை இப்போது விண்ணப்பித்தால் கொடுப்பார்களா? மாமியாரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்குமா? அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனைக்கு விடுப்பு எடுக்கிறேன். அன்றே திண்டிவனம் போய்வர முடியுமா என்று பார்க்கிறேன்.